விலைப் புரட்சி என்று நான் எழுதிய சொல்

மகளே,

உன் கல்யாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. இந்தச் சமயத்தில் ஒரு அப்பா மகளுக்கு எழுதினால் குடும்பம் நடத்துவதைப் பற்றி எழுதுவார். நான் ஸ்பெயின் தேசத்தைப் பற்றி எழுதப்போகிறேன். நீ சிரிப்பாய் என்று தெரியும். சின்ன வயதில், சாப்பிடும்போது நான் ஸ்பெயின் என்று வாயைத் திறந்தாலே, "அம்மா, அப்பா கப்பல்ல ஏறிட்டாரு" என்று கத்துவாய். இந்த முறையும் கப்பலில்தான் ஏறுகிறேன், ஆனால் அனகாபுத்தூரில் இறங்குவேன். கடைசிவரை படித்துவிடு. நடுவில் நிறுத்திவிட்டு வந்து கேட்டால் நான் வேறு ஏதாவது சொல்லி நழுவிவிடுவேன். முப்பத்து நான்கு வருடம் வகுப்பில் நின்ற மனிதன் எதிரில் இருப்பவரிடம் பேசப் பயப்படுகிறான் என்பது உனக்குப் புதுச் செய்தி அல்ல.

நீ எல்லாரிடமும் என்னைப் பற்றி ஒரு கதை சொல்லிக்கொண்டிருக்கிறாய். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ராஜகீழ்ப்பாக்கம் வீட்டுக்கு வந்ததும், புடவைகூட மாற்றாமல் என் எதிரில் உட்கார்ந்தாய். "அப்பா, நான் ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன். எங்க எக்ஸ்போர்ட் கம்பெனியிலதான் சூப்பர்வைசர். அனகாபுத்தூர். நெசவுக் குடும்பம். இந்து. பேரு குமரேசன்" என்று ஒரே மூச்சில் சொன்னாய். மூச்சு வாங்கிக்கொண்டு, "உங்ககிட்டதான் பி.ஏ. படிச்சாராம்" என்றும் சொன்னாய். நான் "சரி" என்றேன். உன் அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள். "என்னங்க சரி? கத்தரிக்காய் வாங்கினாக்கூட நாலு கடை பாத்து, காம்பைத் திருகிப் பாத்து வாங்குற ஆளு நீங்க. பொண்ணு ஒரு பேரைச் சொன்னதும் சரின்னுட்டீங்க?" என்றாள். நீ அழுதுகொண்டே சிரித்தாய். அன்றிலிருந்து அலுவலகத்தில், சபையில், உன் அத்தையிடம், "எங்க அப்பா ஒரு கேள்வி கேக்கல. மதம் கேக்கல, ஜாதி கேக்கல" என்று சொல்லி வருகிறாய். போன மாதம் சபை வாசலில் ஒருவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உங்க மனசு யாருக்கு வரும் சார்" என்றார். நான் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்து நகர்ந்துவிட்டேன்.

அதே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காபி குடிக்கும்போது நீ விளையாட்டாக ஒன்று கேட்டாய். "அவருக்கு ஹிஸ்டரில ஒரு அரியர் இருந்துச்சாம். நீங்கதான் ஃபெயில் போட்டீங்களாப்பா?" நான் சிரித்தபடி, "ஞாபகம் இல்லம்மா, எத்தனையோ பேரு படிச்சாங்க" என்றேன். ஞாபகம் இருந்தது. எந்தக் கேள்வி, எந்தப் பக்கம், ஓரத்தில் சிவப்பு மையில் நான் எழுதிய சொல் எது என்பதுவரை ஞாபகம் இருந்தது. இந்தக் கடிதம் அந்தப் பொய்யைப் பற்றியும், அதற்கு முன்னால் சொன்ன அந்தச் 'சரி'யைப் பற்றியும்தான். இதைப் படித்த பிறகு நீ என்ன முடிவு செய்வாய் என்று எனக்குத் தெரியாது. பதினெட்டு நாள் கழித்துத் தெரிவதைவிட இன்றைக்கே தெரிந்துவிட வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

முதலில் சரித்திரம், ஏனென்றால் தப்பு அங்கேதான் தொடங்குகிறது. பதினாறாம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்துச் சுரங்கங்களிலிருந்து ஸ்பெயினுக்குக் கப்பல் கப்பலாக வெள்ளி வந்து செவில் நகரத்தில் இறங்கியது. நாடு செழித்துவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் காசு பெருகிய அளவுக்குச் சரக்கு பெருகவில்லை. ரொட்டி, எண்ணெய், கம்பளித் துணி என்று ஒவ்வொன்றாக விலை ஏறியது. உள்ளூர்த் துணியின் விலை ஏற ஏற, வெளிநாட்டுத் துணி மலிவாகிவிட்டது. தன் ஆடுகளின் ரோமத்தைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டு, அதையே துணியாகத் திரும்ப வாங்கி உடுத்தியது அந்த நாடு. வந்த வெள்ளி, சண்டைகளுக்கும் வெளிநாட்டு வட்டிக்காரர்களுக்கும் போனது. வாங்கிய கடனைக் கொடுக்க முடியாது என்று அரசர்கள் திரும்பத் திரும்பக் கைவிரித்தார்கள். உலகத்து வெள்ளி வந்து இறங்கிய தேசத்தில், அடுத்த நூற்றாண்டில் ஜனங்கள் செம்புக் காசைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். இந்த நீண்ட விலையேற்றத்துக்கு ஆங்கிலத்தில் சரித்திரக்காரர்கள் வைத்த பெயரில், தமிழில் 'புரட்சி' என்று சொல்லக்கூடிய ஒரு வார்த்தை இருக்கிறது. பெரிய புரட்டல், தலைகீழ் மாற்றம் என்ற பொருளில்தான் அவர்கள் அதை வைத்தார்கள். யாரும் கொடி பிடிக்கவில்லை, யாரும் கோட்டையை உடைக்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் கல்லூரியில் பி.ஏ. வரலாற்றைத் தமிழிலும் படிக்கலாம் என்று முடிவு செய்தார்கள். ஐரோப்பிய வரலாற்றுக்குத் தமிழில் பொருத்தமான புத்தகம் கிடைக்கவில்லை. துறைத் தலைவர் என்னிடம், "நீங்கதான் சார் நிதானமான ஆளு, ஒரு வரி விடாம செய்வீங்க" என்று சொல்லி நோட்ஸ் எழுதும் வேலையைக் கொடுத்தார். எடுத்துக்கொண்ட பாடங்களை உண்மையாகவே ஒரு வரி விடாமல் செய்தேன். இடப்பக்கம் அகராதி, வலப்பக்கம் புத்தகம், நடுவில் தாள். ஸ்பெயினில் ஆட்டு மந்தைக்காரர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது, பயிர் செய்கிறவர்களைவிட அதற்குச் செல்வாக்கு. அந்தச் சங்கத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் 'விலைப் புரட்சி' என்று எழுத எனக்கு இரண்டு நொடிகூட ஆகவில்லை. அகராதியில் இரண்டு சொல்லும் இருந்தன, பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன், அடுத்த வரிக்குப் போய்விட்டேன். கஷ்டமான சொல் என்னைத் தடுத்து நிறுத்தியது. சுலபமான சொல் நிறுத்தவில்லை. மேற்குத் தாம்பரத்தில் ஒரு கடையில் ஸ்டென்சில் வெட்டி சைக்ளோஸ்டைல் எடுத்தோம். வீட்டில் நீயும் உன் அம்மாவும் தரையில் உட்கார்ந்து பக்கம் சேர்த்துப் பின் அடித்தீர்கள். மை உன் பள்ளிக்கூட யூனிஃபார்மில் ஒட்டிவிட்டது என்று அம்மா திட்டினாள், அது உனக்கு நினைவிருக்கலாம்.

நான் வகுப்பில் எப்படிப் பாடம் நடத்துவேன் என்று நீ பார்த்ததில்லை. குனிந்தபடி படிப்பேன். நிமிர்ந்தால் யாராவது கேள்வி கேட்பார்கள், கேள்விக்குப் பின்னால் சிரிப்பு வரும் என்று ஒரு பயம். அந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்டது. "சார், அந்தப் புரட்சிக்கு யாரு சார் லீடர்?" வகுப்பு சிரித்தது. பின்னாலிருந்து ஒருவன், "டேய், உன்னியத்தான் போடப் போறாங்கடா" என்றான். கேட்ட பையன் சிரிக்கவில்லை. "இல்ல சார், பிரெஞ்சுப் புரட்சின்னா லீடருங்க கீறாங்க. இதுல ஒருத்தர் பேருகூட நோட்ஸ்ல இல்லியே, அதான் கேட்டேன்" என்றான். என்னைக் கிண்டல் செய்கிறான் என்று முடிவு செய்துவிட்டேன். "உட்கார்" என்றேன். அவன் உட்கார்ந்தான். அவன்தான் குமரேசன். இப்போது 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். ஆனால் அந்த வருடங்களை எழுதும்போது கை 'அவன்' என்றே போகிறது, பொறுத்துக்கொள்.

எண்பத்து நான்காம் வருடம் கடைசிப் பரீட்சையில் நானே அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தேன். 'ஸ்பெயினில் ஏற்பட்ட விலைப் புரட்சியின் காரணங்களையும் விளைவுகளையும் விவரி.' இருபது மதிப்பெண். குமரேசன் ஏழு பக்கம் எழுதியிருந்தான். முதல் ஐந்து பக்கத்தைப் போல ஒரு விடையை நான் அதற்கு முன்னும் பின்னும் படித்ததில்லை. நோட்ஸில் நான் ஆறு வரியில் முடித்ததை அவன் தன் வீட்டிலிருந்து எடுத்து விரித்திருந்தான். அவன் அப்பா ஆப்பிரிக்காவுக்குப் போகும் கட்டம் போட்ட துணி நெய்தவர். அங்கே பணம் புரண்டபோது இங்கே தறிக்கு ஓய்வில்லை. அங்கத்து அரசாங்கம் வெளிநாட்டுத் துணி வேண்டாம் என்றதும் தறி நின்றது. அதை எழுதிவிட்டு, 'நூல் விலை ஏறினால் துணி விலையும் ஏற வேண்டும், ஆனால் வேறு ஊர்த் துணி மலிவாக வந்து நின்றால் ஏற்ற முடியாது, ஆகவே ஸ்பெயினில் நெய்கிறவன்தான் முதலில் விழுந்திருப்பான்' என்று எழுதியிருந்தான். நான் பட்டம் வாங்கிப் புரிந்துகொண்டதை அவன் பசியில் புரிந்துகொண்டிருந்தான். அதற்குப் பிறகு இரண்டு பக்கம், செவில் நகரத்து நெசவாளர்கள் எப்படித் திரண்டார்கள், எந்த வாசல் வழியாக அரண்மனைக்குள் போனார்கள் என்று இருந்தது. நான் சொல்லாமல் விட்ட லீடரையும் அவனே உண்டாக்கி, ஒரு கை ஊனமான கிழட்டு நெசவாளி என்று எழுதியிருந்தான். புரட்சி என்று நோட்ஸ் சொல்கிறது, புரட்சி என்றால் யாராவது எழுந்திருக்க வேண்டும். அவன் செய்ததில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை.

நான் ஓரத்தில் 'கற்பனை' என்று சிவப்பு மையில் எழுதி, மூன்று மதிப்பெண் போட்டேன். இந்த ஒரு விடையிலேயே நேரம் போய்விட்டதால் கடைசிக் கேள்விக்கு அவன் பாதிதான் எழுதியிருந்தான். மொத்தத்தில் நான்கு மதிப்பெண்ணில் தவறினான்.

அடுத்தடுத்த விடைத்தாள்களைத் திருத்தும்போது, இன்னும் சிலர் இதேபோல மக்கள் எழுச்சியை எழுதியிருப்பதைப் பார்த்தேன். அவர்கள் கால் பக்கம் எழுதி மற்றக் கேள்விகளில் தேறிவிட்டார்கள். ஐந்தாவது ஆள் எழுதியதைப் படித்தபோது பேனாவைக் கீழே வைத்தேன். ஐந்து பேரும் சேர்ந்து கற்பனை செய்ய முடியாது. நோட்ஸை எடுத்துப் பார்த்தேன். என் சொல்லைத் தமிழ்ச் சொல்லாக நான் படித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. இன்னொன்றும் உண்டு. அதே நூற்றாண்டின் முற்பகுதியில் காஸ்டில் பிரதேசத்து நகரங்கள் அரசருக்கு எதிராக நிஜமாகவே எழுந்து, தோற்று, தலைவர்கள் தலையை இழந்தார்கள். அந்தப் பகுதியைப் பரீட்சைக்கு வராது என்று நோட்ஸிலிருந்து விட்டவனும் நானே. நடந்த எழுச்சியை மறைத்து, நடக்காத எழுச்சியை அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் மத்தியானம் மதிப்பெண் பட்டியலைத் துறைத் தலைவரிடம் கொடுக்க வேண்டும். காலையில் ஒரு சீட்டில், 'நோட்ஸில் உள்ள இந்தச் சொல் என் பிழை. இந்தக் கேள்விக்கான விடைகளை மீண்டும் திருத்த அனுமதி வேண்டும்' என்று எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். "என்ன சார், ஸ்பெயின் முடிஞ்சுதா? தமிழ் மீடியம் பசங்க எப்படி?" என்றார். "சுமார் சார்" என்றேன். அவர், "நீங்க நோட்ஸ் குடுத்தே சுமார்னா, அவங்க தலையெழுத்து" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பட்டியலைக் கொடுத்துவிட்டு வந்தேன். சீட்டு பையிலேயே இருந்தது. இரண்டு நாள் கழித்து உன் அம்மா துவைக்கும் கல்லருகிலிருந்து, "சட்டைப் பையில என்னங்க இது, கூழாட்டம்?" என்று கேட்டாள். பழைய லிஸ்ட் என்றேன். ஸ்பெயின் வீழ்ந்துகொண்டிருந்த காலத்தில், நாட்டைத் திருத்த யோசனை எழுதி அரசருக்கு அனுப்பியவர்கள் பலர் இருந்தார்கள். பித்துக்குளிகள் என்று ஊர் அவர்களைப் பார்த்துச் சிரித்தது. நானும் வகுப்பில் அவர்களைச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அவர்கள் எழுதியதை அனுப்பவாவது செய்தார்கள்.

ஜூன் மாதம் குமரேசன் ஆசிரியர் அறைக்கு வந்தான். ஒரு கம்பெனியில் கிளார்க் வேலைக்குச் சொல்லிவைத்திருந்தார்கள், பாஸ் செய்த சான்றிதழைக் காட்ட வேண்டும், அந்த வேலை கைநழுவிவிட்டது. அதை அவன் என்னிடம் சொல்லவில்லை, பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. "சார், எதுல தப்புன்னு மட்டும் சொல்லுங்க சார். அடுத்த வாட்டி சரியா எழுதிடறேன்" என்றான். நான், "புரட்சி எதுவும் நடக்கலப்பா. விலைதான் ஏறிச்சு" என்றேன். "அப்ப ஏன் சார் அதுக்குப் புரட்சின்னு பேரு?" என்று கேட்டான். குரலில் கிண்டல் துளியும் இல்லை. பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. "நேரமாச்சு, பஸ் வந்துடும்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவன் வழிவிட்டு நின்றான்.

கோடை விடுமுறையிலேயே அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் புது ஸ்டென்சில் வெட்டி, 'பெரும் விலையேற்றம்' என்று மாற்றியிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. குமரேசன் அக்டோபரில் எழுதித் தேறினான். அதற்குள் தையல் கம்பெனி ஒன்றில் இஸ்திரி போடும் வேலைக்குப் போய்விட்டான். அங்கிருந்துதான் படிப்படியாக ஏறி, நீ இருக்கும் கம்பெனிக்கு சூப்பர்வைசராக வந்தார்.

அதற்குப் பிந்திய ஸ்பெயினையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்கக் குடியேற்றங்களை ஒவ்வொன்றாக இழந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கியூபாவையும் இழந்து, ஒரு குடியரசை அமைத்து, உள்நாட்டுப் போரில் அதையும் இழந்து, கிட்டத்தட்ட நாற்பது வருடம் ஒரு சர்வாதிகாரியின் கீழ் இருந்தது அந்த நாடு. முதலில் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் நாமே செய்துகொள்வோம் என்றார்கள், பட்டினிதான் மிச்சம். பிறகு கதவைத் திறந்தார்கள். உல்லாசப் பயணிகள் உள்ளே வந்தார்கள், கூலிக்காரர்கள் ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் வெளியே போனார்கள். சர்வாதிகாரி இறந்ததும் எதிரிகள் ஒரே மேஜையில் உட்கார்ந்து, பழசைக் கிளறுவதில்லை, யார் யாரைச் சுட்டது என்று கேட்பதில்லை என்று ஒத்துக்கொண்டு, தேர்தல் வைத்து, புதிய அரசியல் சட்டம் எழுதினார்கள். எண்பத்தொன்றில் துப்பாக்கியோடு சிலர் பாராளுமன்றத்துக்குள் நுழைந்து மேலே சுட்டபோது, உறுப்பினர்கள் எல்லாரும் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டார்கள், மூன்று பேர் மட்டும் குனியவில்லை என்று படித்தேன். நானாக இருந்தால் முதல் வெடிக்கே, ஒருவேளை அதற்கும் முன்பே, குனிந்திருப்பேன். பழசைக் கிளறாத அந்த ஒப்பந்தத்தை எண்பத்து நாலுக்குப் பிறகு வந்த மாணவர்களுக்குப் பாடத்திட்டத்தில் இல்லாமலேயே சொல்லிக்கொடுத்தேன். மனிதர்கள் செய்த புத்திசாலித்தனமான காரியங்களில் அது ஒன்று என்பேன். எனக்கு அது ஏன் அவ்வளவு பிடித்தது என்று அப்போது யோசிக்கவில்லை.

ஜனவரியில் நீ அந்தப் பெயரைச் சொன்னாய். என் வாயிலிருந்து 'சரி' வந்தது. பெரிய மனசு அல்ல, பயம். ஒரு கேள்வி கேட்டால் பத்துக் கேள்வி வரும், அதில் ஒன்று என்னைப் பற்றியதாக இருக்கும் என்ற பயம். கூடவே, எங்கோ ஒரு ஓரத்தில், ஒரு பழைய பாரம் இறங்கியதுபோல ஒரு நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதியைத்தான் இப்போது நினைக்கக் கூசுகிறது.

போன சனிக்கிழமை நீயும் அம்மாவும் தி.நகருக்கு ஜவுளி எடுக்கப் போயிருந்தபோது, நான் பல்லாவரம் போய் பஸ் பிடித்து அனகாபுத்தூருக்குப் போனேன். அவருடைய அம்மா வாசலிலேயே, "வா சார், உள்ள வா. இன்னாத்துக்கு சார் இந்த வெயில்ல வந்துகினு? சொல்லி அனுப்பிச்சா புள்ளயே வந்து நின்னுருப்பானே" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். குமரேசன் லுங்கியிலிருந்து வேட்டிக்கு மாறிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சொல்ல வேண்டியதை எழுதி எடுத்துப் போயிருந்தேன். தலை நிமிராமல் படித்தேன். சொல், விடைத்தாள், சீட்டு, பஸ், எல்லாம். முடித்ததும் அவர், "தெரியும் சார்" என்றார்.

"என்ன தெரியும்?"

"அக்டோபருக்குப் படிக்கப் புது நோட்ஸ் வாங்கினேன் சார். பழசு கிழிஞ்சிடுச்சு. மத்ததெல்லாம் அப்படியே கீது, அந்த ஒரு பக்கம் மட்டும் வேற மிஷின் எழுத்து. புரட்சி போயி விலையேத்தம் வந்துகீது. அன்னிக்கே தெரிஞ்சிடுச்சு."

"தெரிஞ்சும் ஏம்பா வந்து கேக்கல?"

"கேட்டேனே சார். ஜூன் மாசமே கேட்டேன். நீங்க பஸ்ஸுன்னீங்க."

அவருடைய அம்மா, "கலரு குடி சார், ஆறிடும்" என்று கலர் சோடா பாட்டிலை நீட்டினார். "கலரு எங்கனாச்சும் ஆறுமா, இன்னாம்மா நீ" என்றார் குமரேசன். அந்த அம்மா, "ஜில்லுப் போச்சுன்னா ஆறினா மாதிரிதான்டா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். எனக்கு அந்த இடைவெளி தேவையாக இருந்தது. மகளே, இதெல்லாம் உனக்குத் தெரியுமா என்று அவரிடம் கேட்டேன். "அரியர்னு தெரியும். யாரு போட்டதுன்னு நான் சொல்லல சார். நான் சொன்னா அது புகாராப் போயிடும். நீங்க சொன்னாத்தான் அது விஷயம்" என்றார். நான் உடனே ஸ்பெயினுக்கு ஓடினேன். அங்கே எதிரிகளே பழசைப் பேசாமல் விட்டு நாட்டைக் கட்டினார்களே, நாமும் இதை இத்தோடு விட்டால் என்ன என்று, கிட்டத்தட்டப் பாடம் நடத்தினேன். அவர் கடைசிவரை கேட்டார். "அவங்க ரெண்டு தரப்பும் உக்காந்து பேசினாங்க இல்ல சார்? இதுல நீங்களே உக்காந்து, நீங்களே பேசி, நீங்களே மறந்துட்டீங்க. எனக்கு யாரு நாற்காலி போட்டது?" என்றார். முப்பத்து நான்கு வருடத்தில் அந்தக் கேள்வியை எந்த மாணவனும் கேட்டதில்லை. கேட்க நான் விட்டிருக்க மாட்டேன்.

பிறகு அவர் மெதுவாகக் கேட்டார். "ஜனவரில ஒண்ணும் கேக்காம ஒத்துக்கினீங்களே சார். அது இதுக்காகவா?" இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். ஆமாம் என்று வந்தது. அதுவரை அவர் முகத்தில் இருந்த இளக்கம் போய்விட்டது. "மார்க்கு போனா போவுது சார். எனக்குப் பொண்ணு குடுக்கறது அந்த மார்க்குக்கு பதிலான்னா, அது எனக்கு வேணாம். அத மட்டும் அவங்ககிட்ட நீங்களே பேசிடுங்க, கல்யாணத்துக்கு முன்னாடி" என்றார். என்னை பஸ் நிறுத்தம்வரை கொண்டுவந்து விட்டார்.

ஆகவே பேசுகிறேன். நீ யாருக்கும் பதிலாகக் கொடுக்கப்படுகிறவள் அல்ல. ஆனால் ஜனவரியில் நான் செய்தது ஏறக்குறைய அதுதான். ஒரு மனிதனுக்குச் செய்த கெடுதலை உன்னை வைத்துச் சமன் செய்ய, நீயாகவே வந்து வழி காட்டினாய் என்று உள்ளுக்குள் நினைத்துவிட்டேன். அந்தச் சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். கல்யாணத்தைத் தடுக்க அல்ல. உங்கள் இருவருக்கும் நாணயமான ஒன்றைத் தர வேண்டும், பழையது நாணயமானதல்ல. இந்தக் கடிதத்தைக் கல்லூரியின் பழைய மாணவர் மலருக்கும் அனுப்பலாமா என்று யோசிக்கிறேன். அந்த நோட்ஸைப் படித்தவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள், அவர்களில் சிலர் இப்போது பள்ளிக்கூடங்களில் வரலாறு நடத்துகிறார்கள், செவிலில் நெசவாளர்கள் அரண்மனைக்குள் புகுந்ததாக யாராவது இன்னும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கலாம். பெயரை மாற்றித்தான் அனுப்புவேன். ஆனாலும் உங்கள் இருவருக்கும் விருப்பம் இருந்தால் மட்டுமே.

உனக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. ஒன்றே ஒன்றை மட்டும் சொல்லலாம். கஷ்டமான இடத்தில் நீ நின்று யோசிப்பாய், அது எனக்குத் தெரியும். சுலபமாக வந்து விழும் சொல்லில் நில். வீட்டுக்குள் சொல்லும் 'பரவாயில்லை', 'ஒண்ணுமில்லை', 'ஞாபகம் இல்லை', இவையெல்லாம் அந்த வகை.

இப்போது, அன்றைக்கு ஒரு அப்பா கேட்டிருக்க வேண்டியதைக் கேட்கிறேன். எந்த வீட்டில் இருக்கப்போகிறீர்கள்? அனகாபுத்தூரில் அந்தத் தெரு ஆற்றுக்கு மிகவும் கிட்ட இருக்கிறது. மழைக்காலத்தில் தண்ணீர் எதுவரை வரும் என்று கேட்டாயா? ஞாயிற்றுக்கிழமை நீ சபைக்கு வருவதைப் பற்றி இருவரும் வாய் திறந்து பேசினீர்களா, அல்லது பேசாமலே புரிந்துவிட்டது என்று இருக்கிறீர்களா? குழந்தை பிறந்தால் பெயர் வைப்பது யார்? கல்யாணத்துக்குப் பிறகும் அவருக்குக் கீழேயே வேலை பார்ப்பாயா? அவருடைய அம்மாவோடு நீ தனியாக ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாயா? எனக்கு அவரைப் பிடித்துவிட்டது, ஆனால் அது பதில் ஆகாது.

கடைசியாக ஒன்று. அவருக்குக் கோபம் வந்து நீ பார்த்திருக்கிறாயா? பத்து வருடமாக ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொண்டு, அதைச் செய்தவனின் மகளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருக்கிறார். அது பொறுமையா, அல்லது நான் செய்ததைப் போலவே இன்னொரு விதமான மறைப்பா என்று எனக்குப் புரியவில்லை. அனகாபுத்தூரில் கேட்டிருக்கலாம், எனக்குத் துணிச்சல் வரவில்லை. நீ கேள். அப்பாதான் கேட்கச் சொன்னார் என்றே சொல்லிக் கேள்.

அப்பா